சணல் வயலில் ஒரு சதுரம்: வங்காளக் கணக்கெடுப்பு நமக்கு விட்டுச்சென்றது

முதலில் மூன்று எண்கள். 1940களின் நடுவில் வங்காள மாகாணத்தின் சணல் விளைச்சலை மூன்று வழிகளில் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு நிலமாகப் போய் எல்லாவற்றையும் எண்ணியதில் 63.04 லட்சம் பேல் வந்தது. அங்கங்கே சில இடங்களை மட்டும் பார்த்த மாதிரிக் கணக்கெடுப்பில் 75.40 லட்சம் பேல். வியாபாரப் பதிவுகளில் உண்மையாகவே கைமாறிய சரக்கு 75.62 லட்சம் பேல். ஒரு பேல் என்பது 400 பவுண்டு.

முழுக் கணக்கெடுப்புக்கு 33,000 பேர் வேலை செய்தார்கள், 82 லட்சம் ரூபாய் செலவானது. மாதிரிக் கணக்கெடுப்புக்கு 600 பேர், 8 லட்சம் ரூபாய்.

ஒன்றையும் விடாமல் எண்ணியவர்கள் ஆறில் ஒரு பங்கு சணலைத் தொலைத்திருக்கிறார்கள். கொஞ்சம் மட்டும் பார்த்தவர்கள் முந்நூறில் ஒரு பங்கு கூடப் பிசகவில்லை. அவ்வளவு நெருக்கமாக வந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, ஒரு தடவை பொருந்தியதை வைத்து ஒரு முறை சரி என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் இந்த மூன்று எண்களுக்குப் பின்னால் பல வருட உழைப்பு இருக்கிறது. ஒரு நாட்டின் புள்ளிவிவரத்தில் கணிதம் எந்த இடத்தில் நுழைகிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சணல் வயல்களுக்குத்தான் கூட்டிப்போவேன். வந்த எண்களைக் கூட்டிக் கொடுப்பது கணிதத்தின் சின்ன வேலை. எங்கே போய்ப் பார்க்க வேண்டும், எவ்வளவு பார்த்தால் போதும், பார்த்தது எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்று சொல்வதுதான் பெரிய வேலை.

வங்காளத்தில் ஏன்?

இதற்கு 1793-க்குப் போக வேண்டும். அந்த வருடம் வந்த நிலையான நிலவரித் திட்டத்தில் ஜமீன்தார் கட்ட வேண்டிய தொகை ஒரேயடியாக நிர்ணயமாகிவிட்டது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் அதே தொகை. அதனால் எந்த வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று வருடா வருடம் போய்ப் பார்க்க அரசாங்கத்துக்குத் தேவையே இல்லாமல் போனது. சென்னை மாகாணத்தில் விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இருந்ததால் ஊருக்கு ஒரு கர்ணம் இருந்தார், புல எண் வாரியாக என்ன சாகுபடி என்று அடங்கலில் எழுதினார். அந்த எழுத்தில் குறைகள் இருக்கலாம், ஆனால் புரட்டிப் பார்க்க ஒரு புத்தகமாவது இருந்தது. வங்காளத்துக் கிராமத்தில் அது கிடையாது. ஊர்க் காவலரான சௌகிதார் கண்ணால் பார்த்துச் சொன்ன மதிப்புத்தான் மேலே மேலே போய் மாகாணத்தின் எண்ணாக அச்சானது.

விளைச்சலை மதிப்பிட்ட விதம் இன்னும் மோசம். இத்தனை ஏக்கர், ஒரு சாதாரண வருடத்தில் ஏக்கருக்கு இவ்வளவு விளையும், இந்த வருடம் ரூபாய்க்கு இத்தனை அணா விளைச்சல், அதாவது சாதாரண விளைச்சலில் இத்தனை பங்கு. மூன்றையும் பெருக்கினால் விடை. மூன்றுமே ஊகம். ஒவ்வொன்றிலும் பத்துச் சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தால் பெருக்கல் முடியும்போது பிழை முப்பத்து மூன்று சதவீதம் ஆகிவிடும். மூன்றும் எந்தத் திசையில் சாய்ந்திருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

நெல்லாக இருந்தால் இது இன்னும் சில காலம் அப்படியே ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் சணல் பணப்பயிர். உலகத்துக்கு வேண்டிய சணலில் பெரும்பகுதி வங்காளத்தில்தான் விளைந்தது. ஜூலையில் ஒரு முன்மதிப்பீடு, செப்டம்பரில் இறுதி மதிப்பீடு என்று அரசாங்கம் வெளியிடும், சந்தை அதைப் பார்த்து அசையும். எண் தப்பானால் ஆலைக்கும் நஷ்டம், விவசாயிக்கும் நஷ்டம். 1936-இல் அமைந்த இந்திய மத்தியச் சணல் குழு அடுத்த வருடம் ஒரு சோதனைக் கணக்கெடுப்புக்குப் பணம் ஒதுக்கியது. அந்த வேலை பிரசாந்த சந்திர மகலனோபிஸின் கைக்கு வந்தது.

அவர் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். கேம்பிரிட்ஜில் படித்து முடித்து 1915-இல் ஊருக்குத் திரும்பும்போது ‘பயோமெட்ரிகா’ என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளைக் கையோடு கொண்டுவந்தார். அந்த ஆர்வம் கல்லூரியிலேயே ஒரு சின்னப் புள்ளியியல் கூடமாகி, 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனமாக வளர்ந்திருந்தது.

எங்கே நிற்பது, எவ்வளவு நடப்பது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானையில் இருக்கிற அரிசி எல்லாம் ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில் வெந்தது, அதனால் அது செல்லும். வங்காளம் அப்படி வெந்த பானை இல்லை. ஒரு மாவட்டத்தில் சணல் அடர்ந்திருக்கும், பக்கத்து மாவட்டத்தில் தேடினாலும் கிடைக்காது. ஒரே ஊரிலேயே ஆற்றோரத் தாழ்வில் சணலும் மேட்டில் வேறு பயிருமாக இருக்கும். இங்கே ஒரு சோற்றை எங்கிருந்து எடுப்பது?

மகலனோபிஸின் ஆட்கள் செய்தது இதுதான். மௌசா எனப்படும் வருவாய்க் கிராமங்களின் வரைபடங்கள் இருந்தன. ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற அளவில் ஒவ்வொரு வயலின் வரப்பும் அதில் கோடாக இருக்கும். அந்த அளவில் ஒரு ஏக்கர் சதுரம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் வரும். வரைபடத்தின் மேல் யாருடைய விருப்பமும் இல்லாமல், சமவாய்ப்பு எண்களை வைத்துப் புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். புள்ளி விழுந்த இடத்தில் ஒரு சதுரக் கட்டம். கள ஆய்வாளர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டம் நிலத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப்போய், அதற்குள் வருகிற வயல்களில் எது சணல், எது சணல் இல்லை என்று குறித்து வர வேண்டும். பாதி நேரம் முழங்கால் அளவு தண்ணீரில்தான் நடை.

கட்டம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? கேட்க எளிய கேள்வி, உள்ளே போனால்தான் அதன் ஆழம் தெரியும். பெரிய கட்டம் என்றால் ஒரே இடத்தில் நிறையப் பார்க்கலாம், நடை குறையும். ஆனால் அடுத்தடுத்த வயல்கள் ஒன்று போலத்தான் இருக்கும். ஒரு சணல் வயலைப் பார்த்தாயிற்று, ஒட்டிய வயலும் சணல், அதற்கு ஒட்டியதும் சணல். நான்கு மடங்கு வயல் பார்த்தாலும் நான்கு மடங்கு புதுச் செய்தி கிடைக்காது. கட்டத்தைப் பெரிதாக்கும்போது சிதறல், அதாவது கட்டத்துக்குக் கட்டம் வருகிற வேறுபாடு, எவ்வளவு மெதுவாகக் குறைகிறது என்பதற்கு ஒரு சூத்திரம் வேண்டும். அதை மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அதனால் வெவ்வேறு அளவுக் கட்டங்களை வைத்து, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பைக் கூட்டிச் சோதித்தார்கள்.

சரி, சின்னக் கட்டமாக நிறைய இடத்தில் வைக்கலாம் என்றால் நடை கூடுகிறது. எவ்வளவு கூடும்? ஒரு பரப்பில் தாறுமாறாக விழுந்த புள்ளிகளை எல்லாம் தொட்டுக்கொண்டு போக எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று மகலனோபிஸ் கணக்குப் போட்டார். பரப்பையும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை எடுத்தால் ஏறக்குறைய அந்த அளவில் தூரம் வரும். புள்ளிகளை நான்கு மடங்காக்கினால் நடை இரண்டு மடங்குதான் ஆகும். விற்பனைப் பிரதிநிதி எல்லா ஊர்களுக்கும் போய்வரக் குறைந்த தூரப் பாதை எது என்ற கேள்வி கணித உலகத்தில் பேர் பெற்றது. அந்தக் கேள்வியின் ஆரம்பக்கால விடைகளில் ஒன்று சணல் வயலில் நடக்கிறவரின் காலுக்காகப் போடப்பட்டது. படித்த அன்று நான் சந்தோஷப்பட்ட விஷயம் இது.

நடைக்கு எவ்வளவு நேரம், கட்டத்துக்குள் பார்க்க எவ்வளவு நேரம், மற்றதற்கு எவ்வளவு என்று கள ஆய்வாளர்கள் தங்கள் பொழுதையே பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து செலவுக்கு ஒரு சூத்திரம் கிடைத்தது. பிழைக்கு ஒரு சூத்திரம் ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால் கேள்வி தெளிவாகிறது: கையில் இருக்கிற பணத்துக்கு, பிழை மிகக் குறைவாக வரும்படி, எந்த அளவுக் கட்டத்தை எந்த மாவட்டத்தில் எத்தனை வைப்பது? சிதறல் அதிகமான மாவட்டத்துக்கு அதிகக் கட்டம், எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற மாவட்டத்துக்குக் குறைவு. பணத்தையும் துல்லியத்தையும் ஒரே சமன்பாட்டில் உட்கார வைத்ததுதான் இந்த நிகழ்வின் மையம் என்பது என் கருத்து. 1941-இல் ஏறக்குறைய 60,000 சதுர மைல் பரப்பில், மாகாணம் முழுவதற்கும் இந்த முறை போனது. 1944-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் மகலனோபிஸ் இதை விரிவாக எழுதினார். அடுத்த வருடம் அந்தச் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இரண்டு குழு, ஒரே நிலம்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. கள ஆய்வாளர் உண்மையாகவே அந்தக் கட்டத்துக்குப் போனார், பார்த்ததையே எழுதினார் என்பதுதான் அந்த நம்பிக்கை. தண்ணீர் நிற்கிற வயலுக்கு நான்கு மைல் நடக்கிறதை விட மரத்தடியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்புவது சுலபம். வேலைக்கு வந்தவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. சம்பளம் குறைவு, வேலை தற்காலிகம், மேற்பார்வை தூரத்தில். எந்த நாட்டிலும் நடக்கக்கூடியது.

அதற்கும் ஒரு கணக்கு வைத்தார் மகலனோபிஸ். மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதியும் ஒரே பரப்பில் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும்படி செய்வார். ஒரு பாதி ஒரு குழுவுக்கு, இன்னொரு பாதி அதற்குச் சம்பந்தமில்லாத இன்னொரு குழுவுக்கு. இரண்டு குழுவும் தனித்தனியாக முழுப் பரப்புக்கும் ஒரு மதிப்பீடு தரும். ஒரு குழு நூறு ஏக்கருக்கு 22 ஏக்கர் சணல் என்கிறது, மற்றது 24 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 23. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, அதாவது 1, அந்தச் சராசரி எவ்வளவு ஆடக்கூடியது என்பதற்கு ஒரு கைக்கணக்கு. பெரிய சூத்திரம் எதுவும் வேண்டாம், மாவட்ட அலுவலகத்தில் ஒரு எழுத்தரே போட்டுவிடலாம். வித்தியாசம் எதிர்பார்த்ததை விடப் பெரிதாக வந்தால், அது வெறும் வாய்ப்பின் ஆட்டம் இல்லை, ஏதோ ஒரு குழு சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும்.

33,000 பேர் எண்ணிய முழுக் கணக்கெடுப்பில் இல்லாதது இதுதான். அங்கே வந்தது ஒரே ஒரு எண். அது ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்பதைக் கணக்கெடுப்புக்குள்ளிருந்தே காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. ஆள் கூடக் கூட மேற்பார்வை மெலிகிறது, பிழையும் ஒரே பக்கமாகச் சாய்கிறது. 600 பேருக்கு நன்றாகப் பயிற்சி கொடுக்கலாம், 33,000 பேருக்கு என்ன கொடுக்க முடியும்?

வட்டத்தின் விளிம்பு

சணல் எவ்வளவு பரப்பு என்பது ஒரு பாதி, ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தது என்பது மறுபாதி. அதற்கு வயலில் ஒரு துண்டை அளந்து அறுத்து எடை போட வேண்டும். இங்கேதான் மகலனோபிஸ் அடி வாங்கினார், அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை.

அவருக்குச் சின்னத் துண்டுகள் பிடிக்கும். சீக்கிரம் அறுக்கலாம், அதே பணத்தில் நிறைய வயல்கள் பார்க்கலாம். நடுவில் ஒரு கம்பை நட்டு, அதிலிருந்து ஒரு கோலைச் சுற்றி இரண்டடி, நான்கடி ஆரத்தில் வட்டம் போட்டு அறுக்கச் செய்தார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே இதை ஒப்புக்கொள்ளவில்லை. சின்னத் துண்டில் விளைச்சல் எப்போதும் கூடித்தான் வரும் என்றார், கோதுமை வயல்களில் சோதனை செய்து அதைக் காட்டவும் செய்தார். பெரிய துண்டாக எடுங்கள், ஏற்கெனவே இருக்கிற வருவாய், வேளாண்மை ஊழியர்களை வைத்தே எடுங்கள் என்பது அவருடைய கட்சி. இரண்டு பேருக்கும் இடையில் இந்தச் சண்டை பல வருடம் ஓடியது.

ஏன் கூடி வரும் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விளிம்பில் நிற்கிற செடி உள்ளேயா வெளியேயா என்ற சந்தேகம் வந்தால் அறுக்கிறவர் கை தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் கை சராசரியாக ஐந்து சென்டிமீட்டர் வெளியே போகிறது என்று வைப்போம். இரண்டடி ஆரம் என்றால் 61 சென்டிமீட்டர், அது 66 ஆகிறது. பரப்பு 17 சதவீதம் கூடிவிடுகிறது. நான்கடி ஆரத்தில் அதே கை 8 சதவீதம் கூட்டும். ஐந்து மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் 4 சதவீதம். அதே கை, அதே ஐந்து சென்டிமீட்டர்தான். வட்டம் சிறியதாகச் சிறியதாகப் பரப்புக்கு விளிம்பு அதிகம். ஆயிரம் வயல்களில் அறுத்தாலும் இந்த 17 சதவீதம் கரையாது, ஏனென்றால் எல்லாக் கையும் ஒரே பக்கம்தான் இழுக்கிறது. எண்ணிக்கையைக் கூட்டினால் சிதறல் குறையும், சாய்வு அப்படியே நிற்கும்.

நன்றாகப் பயிற்சி பெற்ற ஆள், நல்ல கருவி இருந்தால் சின்ன வட்டமும் சரியாக வரும் என்பது மகலனோபிஸ் பக்கத்து வாதம். அவருடைய சொந்த ஆட்களுக்கு அது உண்மையாக இருக்கலாம். நாடு முழுக்க, வருடா வருடம், வேறு நூறு வேலைகளுக்கு நடுவில் இதையும் செய்கிற ஊழியர்களுக்குச் சுகாத்மே சொன்னதுதான் பொருந்தியது என்று நினைக்கிறேன். இன்று நம் பக்கம் நெல்லுக்கு ஐந்துக்கு ஐந்து மீட்டர் துண்டு எடுப்பது அந்தப் பெரிய துண்டு மரபில் வந்ததுதான்.

மாகாணத்திலிருந்து நாட்டுக்கு

1943-இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். அரிசி எவ்வளவு விளைந்தது, எவ்வளவு இருப்பு என்ற கேள்விக்கு அப்போது மாகாணத்திடம் நம்பகமான பதில் இல்லை. பஞ்சத்தை விசாரித்த ஆணையமும் புள்ளிவிவரத்தின் பலவீனத்தை எழுதிவைத்தது. எண் சரியாக இருந்திருந்தால் பஞ்சம் வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன், அதன் காரணங்கள் பல. ஆனால் எண் இல்லாத இடத்தில் யாரும் எதையும் சொல்லலாம், சொன்னார்கள். பஞ்சத்துக்குப் பிறகு எந்தெந்தக் குடும்பங்கள் நிலத்தை விற்றன, எவை தொழிலை இழந்தன என்று கிராமம் கிராமமாக மாதிரி எடுத்து எழுதியதும் மகலனோபிஸின் நிறுவனம்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டின் வருமானத்தைக் கணக்கிட 1949-இல் ஒரு குழு அமைத்தார்கள். மகலனோபிஸ் தலைவர், பொருளாதார அறிஞர்கள் டி.ஆர். காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ் உறுப்பினர்கள். கிராமத்து வீடுகள் என்ன சாப்பிடுகின்றன, என்ன சம்பாதிக்கின்றன என்பதற்குத் தகவலே இல்லை என்பது உடனே தெரிந்தது. 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. முதல் சுற்று 1950 அக்டோபரிலிருந்து 1951 மார்ச் வரை. சுமார் 5.6 லட்சம் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்தது 1,833 கிராமங்களை. முந்நூறு கிராமத்துக்கு ஒன்று. சணல் வயலில் பழகிய தைரியம் இல்லாவிட்டால் ஒரு புது நாடு இவ்வளவு சின்ன மாதிரியில் இறங்கியிருக்காது. பின்னிக் கிடக்கிற துணை மாதிரிகளும் கூடவே வந்தன.

இந்தக் கூடத்தில் வளர்ந்தவர்களுக்கு எந்த எண்ணை நம்பலாம் என்பதில் ஒரு கூர்மை உண்டு. பிரிவினையின்போது டெல்லி செங்கோட்டைக்குள் அகதிகள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட்ட ஒப்பந்தக்காரர்களின் கணக்கு ஏறிக்கொண்டே போனது. உள்ளே போய் எண்ண முடியாத நிலை. ஜே.எம். சென்குப்தா என்ற புள்ளியியலாளர் சொன்ன வழி இது: உள்ளே போன அரிசி, பருப்பு, உப்பு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு ஆள் சராசரியாக எவ்வளவு சாப்பிடுவார் என்பதால் வகுத்துப் பாருங்கள். அரிசியை வைத்துப் பார்த்தால் கூட்டம் மிகப் பெரிதாகத் தெரிந்தது, உப்பை வைத்துப் பார்த்தால் குறைவாக. விலை மலிந்த உப்பில் கள்ளக் கணக்கு எழுதி ஒப்பந்தக்காரருக்கு என்ன கிடைக்கப் போகிறது? உப்பு சொன்ன எண்ணையே நம்பினார்கள்.

சில வருடங்களுக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சம்பா வயலில் அறுவடைப் பரிசோதனையை நின்று பார்த்தேன். பயிர்க் காப்பீட்டுக்கான கணக்கும் அதில்தான் வருகிறது. சமவாய்ப்பு எண் பட்டியலைப் பார்த்து, தென்மேற்கு மூலையிலிருந்து இத்தனை அடி நீளவாக்கில், இத்தனை அடி அகலவாக்கில் என்று எண்ணிக்கொண்டு வந்து முளை அடித்தார்கள். கயிறு கட்டிய சதுரம் நல்ல கதிர் நிற்கிற இடத்தில் விழுந்தது. வயலுக்குச் சொந்தக்காரர் முகம் வாடிவிட்டது. “தம்பி, அந்தக் கீழண்டைப் பக்கம் பாருங்க, பாதி பதராப் போச்சு. அங்க எடுக்கக் கூடாதா?” என்றார். “ஐயா, எண் எங்க விழுதோ அங்கதான் எடுக்கணும், நான் மாத்த முடியாது” என்றார் அலுவலர், மரியாதையாகத்தான்.

சணல் காலத்தில் கை உள்ளே இழுத்தது. இங்கே விளைச்சல் குறைந்தால் இழப்பீடு கிடைக்கும் என்பதால் ஆசை வெளியே தள்ளுகிறது. துண்டு எங்கே விழ வேண்டும் என்பதை எண் காப்பாற்றிவிட்டது. விளிம்பை யார் காப்பாற்றுவது? கயிற்றின் மேலேயே நின்ற ஒரு குத்து நெல்லைப் பார்த்து அறுக்கிற அம்மா கையை நிறுத்தினார். அலுவலர் குனிந்து மண்ணை விலக்கித் தூர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். உள்ளே இருந்தது. “அறுங்கம்மா” என்றார். அடுத்த குத்தின் தூர் வெளியே, அதை விட்டார்கள். நான்கு பக்கமும் இப்படியே குனிந்து குனிந்து போனார். நானும் ஒரு பக்கத்துக்குக் கூடவே போனேன், முதுகு பிடித்துக்கொண்டது.

இருபத்தைந்து சதுர மீட்டர் என்றால் ஹெக்டேருக்கு நானூறு துண்டு. தராசில் ஒரு கிலோ தவறினால் ஹெக்டேருக்கு நானூறு கிலோ தவறும். அடித்து, தூற்றி, சாக்கில் கட்டித் தராசில் தொங்கவிட்டார்கள். முள் ஆடி நிற்கும் வரை சொந்தக்காரர், அலுவலர், நான் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எடையைப் படிவத்தில் எழுதி, சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அந்த நெல்லில் கொஞ்சத்தைத் தனியாக ஒரு பையில் எடுத்து, காயவைத்து மறுபடி எடை போட வேண்டும் என்று சொல்லிச் சீட்டு ஒட்டினார்கள்.